கிடுகு நகரங்களின் கடைத்தெரு

புத்தளம் மாவட்டத்தின் வட எல்லையில், கலா ஓயா கடலோடு கலக்கும் முகத்துவாரத்துக்கும் வில்பத்துக் காட்டின் தென் விளிம்புக்கும் அருகே, போர்த்துக்கேயக் குடா எனப்படும் ஆழமற்ற நீர்ப்பரப்பின் ஓரமாகக் கரைத்தீவு என்ற மீனவர் ஊர் அமைந்துள்ளது. விபுலாநந்த அடிகள் பிறந்த கிழக்கிலங்கைக் காரைதீவோடும், முன்னர் காரைதீவு என்றே வழங்கி இன்று காரைநகர் எனப்படும் யாழ்ப்பாணத்துத் தீவோடும் இவ்வூரைக் குழப்பிக்கொள்ளல் ஆகாது. குடாவையும் பெருங்கடலையும் பிரித்துக் கிடக்கும் ஒடுங்கிய மணல்தீவும் இதே பெயரையே தாங்கியிருப்பதால், பழைய ஆவணங்களில் கரைத்தீவு என்று வரும்போது ஊர் சுட்டப்படுகிறதா தீவு சுட்டப்படுகிறதா என்பதை இடம் நோக்கியே அறிய வேண்டியிருக்கிறது. வறண்ட காடும் உப்பு நீரும் சூழ்ந்த இக்கரையில் நிலையான கடைவீதி உருவாகும் அளவுக்கு மக்கள் ஓரிடத்தில் திரண்டு வாழ்ந்ததில்லை. எனினும் கையால் செய்த பொருளைச் செய்தவரே கொண்டுவந்து விற்கும் சந்தைகள் இங்கு இல்லாமற்போகவும் இல்லை. அவை ஆண்டில் சில வாரங்கள் மட்டும் உயிர்பெற்று, காற்று மாறியதும் கலைந்துபோயின. மீன்பிடிப் பருவத்துக்கு மட்டும் கடலோரத்தில் அமைக்கப்படும் தற்காலிகக் குடிசைத் தொகுதியை 'வாடி' என்பர். முகத்துவாரத்தை அடுத்த கங்கேவாடிய என்ற ஊர்ப்பெயரில் இச்சொல் சிங்கள வடிவில் நிலைத்துவிட்டது. இக்கரையின் சந்தைகளும் ஒருவகையில் வாடிகளே.

கைவினை இங்கு எவ்வளவு பழையது என்பதற்குக் கரைத்தீவுக்கு வடக்கே, இன்று வில்பத்துத் தேசிய வனத்துள் அடங்கும் பொன்பரப்பியின் தாழிக்காடு சான்றாக உள்ளது. இறந்தோரின் எலும்புகளை வைத்துப் புதைத்த பெரிய மண்தாழிகளும், அவற்றோடு இடப்பட்ட கறுப்பு-சிவப்பு மட்கலங்களும் இங்குச் செறிந்து கிடப்பது 1920களில் ஹோக்கார்ட்டின் அகழ்வால் வெளிப்பட்டது. 1950களில் தெரணியகலவும் 1970இல் விமலா பெக்லி உள்ளிட்ட குழுவினரும் அகழ்வைத் தொடர்ந்தனர். கிறிஸ்துவுக்கு முற்பட்ட இப்புதைகாட்டின் தாழிகள் தாமிரபரணிக் கரையில் உள்ள ஆதிச்சநல்லூர்த் தாழிகளை ஒத்திருப்பது ஆய்வாளர் பலரும் சுட்டிய செய்தியாகும். ஆள் அமரக்கூடிய பருமனுள்ள தாழியை ஓடத்தில் ஏற்றிக் கடல் கடத்துவதை விட, அதை வனையத் தெரிந்த கை கடல் கடப்பது எளிது. கலம் இங்கேயே வனையப்பட்டிருக்கும் என்று கருதுவதே பொருத்தமாகத் தோன்றுகிறது. பிற்காலத்தில் முத்துத் தொழிலை நாடி இக்கரைக்கு வந்தோரும் சரக்கைவிடக் கைத்திறனையும் கருவியையுமே மிகுதியாகச் சுமந்து வந்தனர் என்பது கீழே விளங்கும்.

1344இல் இக்கரையில் இறங்கிய மொரோக்கோ நாட்டுப் பயணி இபின் பதூதா, ஆரியச் சக்கரவர்த்தியின் ஆட்சியில் இருந்த 'பத்தல' என்ற ஊரைக் குறிப்பிடுகிறார். அது இன்றைய புத்தளம் என்றே பெரும்பாலோர் கொள்வர். ஆற்றுவெள்ளம் அடித்துவந்த கறுவாக் கட்டைகள் கரையெங்கும் குவிந்து கிடந்தன என்றும், மலபாரிலிருந்தும் சோழமண்டலக் கரையிலிருந்தும் வந்த வணிகர் அவற்றை விலையின்றி எடுத்துச் சென்று, ஈடாக அரசனுக்குத் துணி முதலியவற்றை அளித்தனர் என்றும் அவர் எழுதியிருக்கிறார். காட்டிலும் கடலிலும் விளைந்தது வெளியே சென்றது, நெசவாளர் கையில் உருவானது உள்ளே வந்தது என்ற இந்தக் கொடுக்கல் வாங்கல் பல நூற்றாண்டுகளுக்கு மாறவில்லை. சங்கும் அவ்வாறே சென்றது. மன்னார்க் கடலில் எடுக்கப்பட்ட சங்குகள் வங்காளத்து டாக்கா நகரில் அறுக்கப்பட்டு வளையாகின. சங்கை எடுத்தவனின் மனைவி அந்த வளையை அணிந்தவளல்லள்.

இக்கரைக் கைவினைஞரின் நிலையை விளங்கிக்கொள்ளத் தீவின் உட்பகுதியை நோக்குவது பயன்தரும். கண்டி இராச்சியத்தில் தட்டார், கொல்லர், தந்தம் செதுக்குவோர் முதலியோருக்குச் சேவைக்கு ஈடாக நிலம் அளிக்கப்பட்டது. அரசனுக்கென்றே வேலை செய்த தேர்ந்த கைவினைஞர் 'பட்டல் ஹதர', அதாவது நான்கு பட்டறைகள், என்ற அமைப்புக்குள் அடக்கப்பட்டிருந்தனர். யாழ்ப்பாணத் தமிழரான சேர் முத்துக் குமாரசுவாமியின் மகன் ஆனந்த குமாரசுவாமி, 1908இல் வெளிவந்த 'மத்தியகாலச் சிங்களக் கலை' என்னும் நூலில் இந்த ஏற்பாட்டைப் பரிவோடு விளக்கி, விற்பனைக் கவலையின்றி வேலை செய்யும் சுதந்திரத்தை நிலமே கைவினைஞனுக்குக் கொடுத்தது என்ற கருத்தை முன்வைத்தார். கைவினை மறுமலர்ச்சிக்காக வாதிட்ட ஆங்கிலேயர் வில்லியம் மொறிஸ் பயன்படுத்திய அச்சியந்திரத்திலேயே அந்நூலை அவர் அச்சிட்டார் என்பதிலிருந்து, அவருடைய சார்பு எங்கிருந்தது என்பது புலனாகும். இராஜகாரியம் எனப்பட்ட கட்டாயச் சேவை 1832இல் ஒழிக்கப்பட்டது. அதை இழப்பாகக் காண்பதா விடுதலையாகக் காண்பதா என்பது இன்றும் முடிவுறாத வாதம். புத்தளக் கரையில் அந்த வாதத்துக்கே இடமில்லை. இங்குக் கைவினைஞனுக்கு எவரும் நிலம் கொடுத்ததில்லை. நிலம் தரவேண்டிய பாதுகாப்பை அவன் சந்தையில் தேடினான். அந்தச் சந்தையோ ஆண்டுதோறும் கூடும் என்ற உறுதியும் இல்லாதது.

அத்தகைய சந்தைகளில் தலையாயது முத்துச் சலாபத்தை ஒட்டி எழுந்த நகரம். சலாபம் என்பது முத்துக்குளிப்பைக் குறிக்கும் பழஞ்சொல். சிலாபம் என்ற ஊர்ப்பெயரை இதனோடு தொடர்புபடுத்துவோரும் உளர். முத்துச்சிப்பி வளரும் கடலடித் திட்டு 'பார்' எனப்படும். 1902இல் இக்கடலை ஆராய வந்த உயிரியலாளர் ஹெர்ட்மன், துணைவராக வந்த ஜேம்ஸ் ஹோர்னல் ஆகியோர் பயன்படுத்திய பார்களின் வரிசையில் பெரிய பார், செவல் பார், முத்துவரத்துப் பார் என்பவற்றோடு கரைத்தீவுப் பாரும் இடம்பெறுகிறது. ஆனால் கரைத்தீவு தன் பெயரைப் பாருக்குக் கொடுத்ததேயன்றி நகரத்தைப் பெறவில்லை. குளிப்பு நகரம் வடக்கே கொண்டச்சி, சிலாவத்துறை, மறிச்சுக்கட்டி ஆகிய இடங்களில் மாறி மாறி எழுந்தது. இரு பருவக்காற்றுகளுக்கும் இடையே கடல் அடங்கியிருக்கும் மாசி, பங்குனி, சித்திரை மாதங்களே குளிப்புக்கு ஏற்றவை. சிப்பி முதிராத ஆண்டுகளிலும், முதிர்ந்த சிப்பி காரணம் தெரியாமல் மறைந்த ஆண்டுகளிலும் குளிப்பு நடைபெறவில்லை. தொடர்ந்து பல ஆண்டுகள் வெறுமையாகக் கழிந்ததும் உண்டு.

குளிப்பு நடைபெறும் என்று அரசு அறிவித்ததும், முந்தைய மாதம்வரை முள்மரமும் மணலுமாகக் கிடந்த கடலோரத்தில் சில வாரங்களுக்குள் தெருக்களும், நீதிமன்றமும், மருத்துவமனையும், கடைவரிசைகளும் கொண்ட நகரம் ஒன்று தோன்றிவிடும். அந்நகரம் முழுவதும் கம்பும் கிடுகும் கொண்டு கட்டப்பட்டது. தென்னோலையை நடுவே பிளந்து, நீரில் ஊறவைத்து, இலைகளை ஒன்றினூடாக ஒன்று மாற்றிப் பின்னுவதே கிடுகு. கூரைக்கும் சுவருக்கும் வேலிக்கும் அதுவே போதுமானதாயிருந்தது. ஆகவே இந்நகரத்தில் நடைபெற்ற கைவினைகளுள் முதலாவது, எவரும் கைவினை என்று எண்ணிப் பார்க்காத கிடுகு பின்னலே எனலாம். ஆங்கிலேய அதிகாரிகளின் நூல்கள் குளியாளர்களைப் பற்றியும், சுறாவின் வாயைக் கட்டுவதாக நம்பப்பட்ட கடல்கட்டி என்னும் மந்திரவாதியைப் பற்றியும் பல பக்கங்கள் எழுதுகின்றன. பல்லாயிரம் பேரை வெயிலிலிருந்து காத்த ஓலையைப் பின்னியவர்களைப் பற்றி ஒரு வரிக்கு மேல் எழுதுவதில்லை.

குளித்தெடுத்த சிப்பிகள் வேலியடைத்த களத்தில் எண்ணிப் பங்கிடப்பட்டன. இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கும் ஒரு பங்கு குளியாளருக்குமாகச் சென்றது. அரசின் பங்கு ஆயிரம் ஆயிரமாக ஏலம் விடப்பட, குளியாளர் தம் பங்கைக் களத்தின் வாயிலிலேயே சில்லறையாக விற்றனர். திறவாத சிப்பிக்குள் முத்து இருக்குமா என்பது வாங்குபவனுக்கும் தெரியாது, விற்பவனுக்கும் தெரியாது. ஒரு கை சிப்பி வாங்குவது சீட்டெடுப்புக்கு நிகரானது. மொத்தமாக வாங்கியோர் சிப்பியை அழுகவிட்டுக் கழுவி முத்தைப் பிரித்தனர். அழுகும் சிப்பியின் நாற்றமும் ஈக்களும் இந்நகரத்தைப் பார்த்த எல்லோருடைய எழுத்திலும் வருகின்றன. 1906இல் மறிச்சுக்கட்டியில் இளம் அதிகாரியாகப் பணியாற்றிய லியோனார்ட் வுல்ஃப், பின்னாளில் எழுதிய தன்வரலாற்றிலும் அதை விடவில்லை. உலகின் மிக விலையுயர்ந்த அணிகலன் சந்தை ஒன்று, மூக்கைப் பொத்திக்கொண்டு நடக்க வேண்டிய தெருவில் நடைபெற்றது என்பதை இசைநாடக மேடைகளில் காட்டியவர் எவருமிலர். இலங்கையைக் களமாகக் கொண்டு 1863இல் பாரிஸில் அரங்கேறிய பிஸேயின் 'முத்துக் குளிப்போர்' நாடகத்திலும் அது இல்லை.

கழுவி எடுத்த முத்துகளைத் தரம்பிரிப்பது தனியொரு கலையாக இருந்தது. 'பெட்டி' எனப்பட்ட பத்துப் பித்தளைச் சல்லடைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பயன்பட்டன. முதலாவதில் 20 துளைகள், இறுதியில் உள்ளதில் 1000 துளைகள். சல்லடையின் அளவு ஒன்றே ஆதலால் துளையின் எண்ணிக்கை கூடக் கூட அதன் வாய் சிறுத்தது. எந்தச் சல்லடையில் முத்து தங்கியது என்பது அதன் பருமனைக் காட்டியது. பின்னர் உருவும் ஒளியும் நோக்கி, குற்றமற்ற உருண்டை முத்து ஆணி என்றும், அதற்கு அடுத்தது அணாதாரி என்றும், இன்னும் கீழே களிப்பு, குறுவல், பீசல் என்றும் பெயர் பெற்று, மஞ்சாடி, களஞ்சு என்ற நிறைகளால் மதிப்பிடப்பட்டது. எதற்கும் உதவாத பொடி 'தூள்' எனப்பட்டது. அதுவும் வீணாகவில்லை, சுட்டு முத்துச் சுண்ணமாகிச் செல்வரின் வெற்றிலையிலும் வைத்தியரின் குப்பியிலும் சேர்ந்தது. ஆங்கில ஆட்சி இந்த ஏற்பாட்டை மாற்ற முயன்றதாகத் தெரியவில்லை. அரசு மதிப்பீட்டாளரும் இதே சல்லடைகளையும் இதே தமிழ்ப் பெயர்களையும் கொண்டே கணக்கெழுதினர்.

இவ்வளவுக்கும் பின்னரே முத்துத் துளையிடுவோர் வருகின்றனர். சுயாதீனக் கைவினைஞர் என்று இன்று எவரைச் சொல்கிறோமோ அவருக்கு மிக அண்மையில் நிற்பவர் இவரே. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்சிவல் முதலிய ஆங்கிலேயர் எழுதிய விவரணையிலிருந்து அவருடைய பணிக்களத்தை ஏறத்தாழ முழுமையாக மீட்டெடுக்கலாம். தலைகீழாக நிறுத்திய கூம்பு வடிவில் ஓரடிக்கும் குறைவான மரக்கட்டை. அதைத் தாங்க மூன்று கால்கள். மேலேயுள்ள தட்டைப் பரப்பில் வெவ்வேறு பருமனுள்ள குழிகள். முத்தைப் பொருத்தமான குழியில் அழுத்தி இருத்தி, ஊசிமுனைத் துரப்பணத்தை அதன்மேல் நிறுத்தி, துரப்பணத்தின் மரத்தலையை இடக்கையால் அழுத்திக்கொண்டு, வலக்கையில் பிடித்த வில்லை முன்னும் பின்னும் இழுக்க, நாண் சுற்றிய துரப்பணம் சுழன்று முத்தைத் துளைக்கும். உராய்வில் முத்து சூடேறி வெடிக்காதிருக்க அவ்வப்போது நீர் விட வேண்டும். அதற்காகப் பக்கத்தில் ஒரு தேங்காய்ச் சிரட்டையில் நீர் இருக்கும். வில்லை விடாமலே வலக்கையின் சுண்டுவிரலைச் சிரட்டையில் தோய்த்து, வேலை தடைப்படாமல் ஒரு சொட்டை முத்தின்மேல் விடும் லாவகம் வேடிக்கை பார்த்த அயலாரை வியக்கவைத்தது. பல்லாண்டுப் பயிற்சியின்றி அது கைவராது என்று அவர்கள் எழுதினர்.

இந்தக் கருவித் தொகுதி முழுவதையும் ஒருவர் கையிலேயே எடுத்துச் செல்லலாம். நகரம் கொண்டச்சியில் எழுந்தால் கொண்டச்சிக்கும், மறிச்சுக்கட்டியில் எழுந்தால் மறிச்சுக்கட்டிக்கும், குளிப்பு இல்லாத ஆண்டில் தமிழகக் கரைக்கும் அவர் போனார். பட்டறைக்கு நிலம் வேண்டாம், முதலாளிக்குக் கட்டுப்பட வேண்டாம். வாங்குவோர் கண்ணெதிரே வேலை நடக்கும். ஆயினும் அவருடைய சுதந்திரத்தை மிகைப்படுத்தல் தகாது. கருவி அவருடையது, முத்து வேறொருவருடையது. துளை கோணலானால் முத்தின் மதிப்பே போய்விடும். அந்த இழப்பின் பாரம் எவர் தலையில் விழுந்திருக்கும் என்பதை ஊகிக்கப் பெரும் புலமை தேவையில்லை. துளைத்தல் என்ற செயல் இல்லாமல் முத்து மாலையாகாது. ஆயினும் மாலையின் விலையில் துளைத்தவர் பெற்றது கூலி மட்டுமே.

1905இல் மறிச்சுக்கட்டியில் நடைபெற்ற குளிப்பில் 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அரசுக்குக் கிடைத்த வருமானம் ஏறத்தாழ 25 இலட்சம் ரூபாய். இந்த வெற்றியே தொழிலின் முடிவுக்கு வழிகோலியது. 1906இல் அரசு பார்களை 20 ஆண்டுக் குத்தகைக்கு இலண்டனில் அமைந்த நிறுவனம் ஒன்றுக்குக் கொடுத்தது. 1907க்குப் பின் பார்கள் வெறுமையாகிவிட, குத்தகைக் காலம் முடியுமுன்னே நிறுவனம் விலகிக்கொண்டது. 1925இல் குளிப்பு மீண்டும் நடந்தபோது உலகச் சந்தை மாறிவிட்டிருந்தது. 1893இல் யப்பானில் மிக்கிமோத்தோ முதல் வெற்றி கண்ட வளர்ப்பு முத்து முயற்சி அதற்குள் முழு உருண்டை முத்துகளை ஐரோப்பிய நகரங்களில் குவித்துவிட்டது. கிடுகு நகரம் பின்னர் அந்த அளவில் எழவில்லை.

முத்துச் சந்தை மறைந்த பின்னும் மறையாமல் நின்றது திருவிழாச் சந்தை. கற்பிட்டிக் குடாநாட்டில், கடலை நோக்கி அமைந்த தலவில புனித அன்னம்மாள் திருத்தலத்துக்கு ஆண்டில் இருமுறை, மார்ச் மாதத்திலும் ஆகஸ்ட் மாதத்திலும், தீவெங்கிலுமிருந்து யாத்திரிகர் திரள்கின்றனர். இன்றைய ஆலயக் கட்டடம் 1843இல் எழுந்தது. தமிழரும் சிங்களவரும், கத்தோலிக்கரோடு பிற சமயத்தவரும் நாட்கணக்கில் ஓலைக் குடிசைகளில் தங்குவதால், சமைக்கவும் படுக்கவும் சுமக்கவும் தேவையான பொருள்கள் எல்லாம் அங்கேயே விலைப்பட்டன. தெற்கே முன்னேசுவரத்து ஆவணித் திருவிழாவும், உடப்பூரின் திரௌபதையம்மன் கோயில் தீமிதிப்பும் இவ்வாறே தம்மைச் சுற்றிக் கடைகளைக் கூட்டின. முத்து நகரம் வணிகத்துக்காக எழுந்து பக்தியையும் தன்னோடு சேர்த்துக்கொண்டது. திருவிழாவோ பக்திக்காகக் கூடி வணிகத்தைச் சேர்த்துக்கொண்டது.

இச்சந்தைகளுக்கு இக்கரையின் உழைப்பாகச் சென்றவற்றுள் பனையோலைப் பொருள்களே பெரும்பங்கு. இவ்வேலையை 'பன்ன வேலை' என்பர். விரியாத இளங்குருத்தும், அதற்கு அடுத்து முதிரத் தொடங்கிய சார்வோலையும் இதற்கு உரியவை. ஓலையை வெயிலில் உலர்த்தி, இரவுப் பனியில் போட்டுப் பதப்படுத்தி, ஈர்க்கை நீக்கி, ஒரே அகலமாக வார்ந்து கொண்ட பின்னரே இழைப்புத் தொடங்கும். வெயில் ஏறினால் ஓலை மொறுமொறுத்து முறியும் ஆதலால், விடியற்காலையும் மாலையுமே இழைக்க ஏற்ற நேரங்கள். வீட்டுவேலைகளுக்கு இடையே பெண்கள் செய்யும் தொழிலாக இது அமைந்ததற்கு இதுவும் ஒரு காரணம். அகலமான வாயும் நாரால் கட்டிய விளிம்பும் கொண்ட கடகம், தானியம் புடைக்கும் சுளகு, பிட்டு அவிக்கும் கூம்பு வடிவான நீற்றுப்பெட்டி, பனங்கட்டி வார்க்கும் குட்டான், தோளில் தொங்கவிடும் உமல், மீனவர் பிடித்த மீனை இடும் பறி, சாயமிட்ட ஓலை இடையிட்ட படுக்கைப் பாய் என்று ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயரும் தனி இழைப்பும் உண்டு. ஒரு தமிழ் வீட்டின் சமையலறைச் சொற்களுள் எத்தனை ஓலையிலிருந்து பிறந்தவை என்பது அகராதி தொகுப்போர் ஆராயத்தக்கது.

முத்துத் துளைப்பவரோடு ஒப்பிட்டால், ஓலை இழைக்கும் பெண்ணுக்கு மூலப்பொருள், கருவி, உழைப்பு, முடிந்த பண்டம் ஆகிய நான்கும் சொந்தம். பொருளியல் நூல்களின்படி அவளே முழுச் சுதந்திரம் பெற்ற உற்பத்தியாளர். ஆனால் அவளுக்குக் கிடைத்த விலை எப்போதும் மிகக் குறைவாகவே இருந்தது. ஓலை வீட்டு முற்றத்தில் கிடைப்பது, வேலை பெண்கள் ஓய்வு நேரத்தில் செய்வது என்ற எண்ணம் வாங்குவோரிடம் மட்டுமன்றிச் செய்தோரிடமும் ஊறியிருந்தமையே இதற்குக் காரணம். சந்தை இல்லாத மாதங்களில் இழைத்தவை மலிவாக இடைத்தரகர் கைக்குப் போயின. திருவிழாவில் கடை விரித்தவர் பல சமயம் அவராகவே இருந்தார். செய்தவளே விற்கும் சந்தை என்று திருவிழாவைக் கற்பனை செய்வோர் இதையும் சேர்த்து எண்ணவேண்டும்.

'கைவினைக் கண்காட்சி' என்ற கருத்து இக்கரைக்கு வெளியே பிறந்தது. 1851இல் இலண்டனில் நடந்த பெருங்காட்சிக்கு இலங்கையிலிருந்தும் பொருள்கள் அனுப்பப்பட்டன. 1888இல் அதே நகரில் கலை-கைவினைக் காட்சிச் சங்கத்தின் முதற்காட்சி நடைபெற்று, செய்தவரின் பெயரைப் பொருளோடு எழுதிவைக்கும் வழக்கத்தை வலியுறுத்தியது. சுதந்திர இலங்கையில் 1964இல் லக்சல என்ற விற்பனை நிலையமும், 1978இல் பனை அபிவிருத்திச் சபையும், 1982ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தேசிய அருங்கலைகள் பேரவையும் தோன்றிப் பயிற்சி, போட்டி, கண்காட்சி ஆகியவற்றை நடத்தின. இவற்றால் நீற்றுப்பெட்டி அடுக்களையிலிருந்து காட்சி மேசைக்கு வந்தது. பிட்டு அவிக்கும் நோக்கில் வாங்குபவர் அதன் இழைப்பு நெருக்கத்தைத் தட்டிப் பார்ப்பார், அழகுக்காக வாங்குபவர் நிறத்தைப் பார்ப்பார். எனவே பண்டமும் மெல்ல மாறியது. அந்த மாற்றத்தைச் சீரழிவு என்று சொல்லிவிடுவது எளிது, ஆனால் அலுமினியக் குழல் வந்துவிட்ட வீட்டுக்கு நீற்றுப்பெட்டியை எவர் விற்பார்?

1990 அக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் அனைவரையும் தமிழீழ விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். ஏறத்தாழ 75,000 பேர் தம் ஊர்களை இழந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் தஞ்சமடைந்தது புத்தளம் மாவட்டத்திலேயே. முத்து நகரம் எழுந்த மறிச்சுக்கட்டி, கொண்டச்சி, சிலாவத்துறை உள்ளிட்ட முசலிப் பகுதியினரும், பாய் இழைப்புக்கு அறியப்பட்ட மன்னார்த் தீவின் எருக்கலம்பிட்டியினரும் அவர்களுள் இருந்தனர். எருக்கலம்பிட்டியார் பாலாவியை அடுத்த நாகவில்லுவில் குடியமர்ந்தனர். நிலமும் தோணியும் வலையும் கொண்டுவர இயலாத அந்த இடப்பெயர்வில் கைத்திறன் மட்டும் பறிபோகவில்லை. உப்பளம், வெங்காயத் தோட்டம், மீன்வாடி ஆகியவற்றில் கூலிவேலை தேடிய குடும்பங்களில் பெண்கள் மீண்டும் பாய் இழைத்தனர். ஆனால் தம் வளவில் நின்ற மரத்தின் ஓலை இப்போது விலைகொடுத்து வாங்கும் ஓலையாகிவிட்டது. அவர்கள் தங்கிய முகாம்கள் கம்பும் கிடுகும் கொண்டு கட்டப்பட்டவை. மறிச்சுக்கட்டியில் அவர்களுடைய முன்னோர் கண்ட கிடுகு நகரம் சித்திரைக்குப் பின் கலைந்துவிடும். புத்தளத்தின் கிடுகு முகாம்களோ, உலக வங்கியின் உதவியோடு 2007இல் வீடமைப்புத் திட்டம் தொடங்கும்வரை, பதினேழு பருவமழைகளைத் தாங்கி நின்றன. அந்த ஆண்டுகள் முழுவதும் கூரைக் கிடுகை மாற்றி மாற்றிப் பின்ன வேண்டியிருந்தது.